கரண்டித் தண்ணீர்

ஏலப்பாறையிலிருந்து உள்ளே பிரிகிற ஜீப் பாதை முடிகிற இடத்தில் எங்கள் எஸ்டேட் இருந்தது. அதன் டிஸ்பென்சரியில் நான் ஆயா. முதலில் கொழுந்து பறிக்கத்தான் போனேன். ஒரு மழை நாளில் பாறையில் வழுக்கி விழுந்து முட்டி போனது. கூடையோடு சரிவில் ஏற முடியாது என்று ஆனபின் டிஸ்பென்சரியில் தரை துடைக்கவும் பெட்பேன் கழுவவும் போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. எங்களுக்கு ஒரே பெண். அப்போதுதான் மூன்று வயது.

டிஸ்பென்சரியில் பல வருஷமாக ஒரு கம்பவுண்டர் இருந்தார். மருந்து கலக்கும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். புதுச் சீசா வந்தால் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். எது என்ன என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் லீவில் போயிருந்த ஒரு நாளில் என் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அலமாரி திறந்துதான் கிடந்தது. முன்னால் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். பிறகு அவரிடம் சொன்னபோது சிரித்தார். "உனக்குச் சொல்லிக்குடுத்துட்டா நாளைக்கு என் ஸ்டூல்ல நீ உக்காந்துக்கிடுவே." கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். வயதாகி அவர் ஊருக்குப் போனபோது, பெயரில்லாத சீசாக்கள் அப்படியே வரிசையாக நின்றன.

அவர் இடத்துக்கு அந்தக் கோடையில் ஒரு நர்ஸ் வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பாலக்காட்டுக்குக் கிழக்கே, வடகரப்பதிப் பக்கம் கடலையும் சோளமும் போடுகிற விவசாயக் குடும்பம். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அவர் தமிழ் எங்களுக்குப் புதிதாக இருந்தது. திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் மலையேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அவர் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவதைக் கேட்டு எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வந்த அன்றே நான் கழுவக் கொண்டுபோன பெட்பேனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குடுங்க அக்கா. நீங்க காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்கறீங்க. கொட்டற இடம் மட்டும் காட்டுங்க."

"சிஸ்டர், அது என் வேலை."

"இருக்கட்டுங்க. இங்க யாரு எந்த லயம், யாருக்கு என்ன சீக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அதை நீங்க சொல்லிக் குடுங்க. இதை நான் பாத்துக்கறேன்."

அலமாரியிலிருந்த சீசாக்களை எல்லாம் வெளியே எடுத்துப் பள்ளம் தோண்டிக் கொட்டச் சொன்னார். என்னவென்று தெரியாததை யாருக்கும் கொடுக்க முடியாது என்றார். புதிது வந்ததும் பெரிய எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் பேர் எழுதி ஒட்டினார். தினமும் வேலை முடிந்ததும் என்னை அலமாரி முன்னால் நிறுத்தி, இது எதுக்கு, எவ்வளவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கேட்பார். தப்பாகச் சொன்னால், "அது சரியில்லைங்க, மறுக்கா சொல்லுங்க" என்பார்; அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எனக்கு அப்போது எரிச்சல்தான். தன் வேலையை நைசாக என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒருநாள் நர்ஸிடமே கேட்டுவிட்டேன்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு சிஸ்டர்?"

"நான் காய்ச்சல்ல படுத்துட்டா யாருங்க குடுப்பாங்க?" என்றார்.

ஆடி பிறந்தது. மலையாளத்தில் கர்க்கடகம் என்பார்கள், பஞ்ச மாதம். அந்த வருஷம் மழை விடவே இல்லை. மேனேஜர் துரையின் பங்களாவுக்குக் கீழே மலை பிளந்து இறங்கி, ஜீப் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மரங்கள் வேரோடு பாதையில் கிடந்தன. ஏலப்பாறைக்கு ஆள் நடந்து போவதே பாடு. தபால் இல்லை, அரிசி லாரி இல்லை. கொழுந்து பறிப்பு மட்டும் நின்றுபோகவில்லை.

அந்த வாரம் கீழ் லயத்தில் ஒரு பெரியவருக்கு வாந்திபேதி கண்டது. தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவர் கைகால் சில்லிட்டுப் போயிருந்தது. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் குத்திப் பார்த்தார். பெரியவர் எங்கள் கண்முன்னால் போனார். அடுத்து அவர் வீட்டுப் பக்கத்தில் ஒருவருக்கு வந்தது, பிறகு ஒரு கர்ப்பிணிக்கு. டிஸ்பென்சரியில் இருந்த கட்டில்கள் நிறைந்து தரையில் பாய் விரித்தோம். வாளிகள் நிறைந்தன. மழைச் சத்தத்தையும் மீறி வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெட்டியில் இருந்த சலைன் பாட்டில்களை நர்ஸ் ஒவ்வொருவருக்காக ஏற்றினார். வந்தவர்களுக்கெல்லாம் ஏற்றினார். நிற்க நேரமில்லாமல் அங்கும் இங்கும் ஓடினார். துணியை அலசுவார், நெற்றியைத் துடைப்பார், பாட்டில் மாற்றுவார். "பாதை திறந்துருமுங்க, திறந்துருமுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாதை திறக்கவில்லை. கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையிலிருந்து, ஒரு மத்தியானம் என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாவாடை நனைந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. காலையில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தவள். அவள் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அவள் பின்னாலேயே எதிர் லயத்துக்காரி தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பையனுக்கு ஐந்து வயதிருக்கும். காலையிலிருந்து போய்க்கொண்டிருந்ததாம். மழையில் தூக்கி வர ஆளில்லாமல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தலை தொங்கிக்கொண்டு வந்தது.

பெட்டியில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது.

நர்ஸ் இரண்டு குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பையனின் உதட்டில் தண்ணீர் விட்டார். அது கடைவாயில் வழிந்தது. என் மகள் உதட்டில் விட்டார். நாக்கை நீட்டி நக்கினாள். அவர் எழுந்து பாட்டிலை எடுத்துப் பையன் தலைமாட்டுக்குக் கொண்டுபோனார்.

நான் அவர் காலைப் பிடித்தேன்.

"சிஸ்டர், உங்ககூட இத்தன நாளாக் கெடக்கேனே. எம் புள்ளைக்கு ஏத்துங்க. எனக்கு இவ ஒருத்திதான்."

"அக்கா, அவனால முழுங்க முடியலைங்க. அம்மிணி முழுங்கறா. முழுங்கற புள்ளைக்கு வாய் வழியாக் குடுத்தே காப்பாத்தலாமுங்க."

"என்னத்தக் குடுத்து?"

"கொதிச்சு ஆறின தண்ணி. ஒரு சொம்புக்கு ஒரு கை சக்கரை, மூணு விரல்ல எடுக்கற உப்பு. வாயில போட்டுப் பாருங்க, கண்ணீரை விட உப்பு ஏறக் கூடாது. அவ்வளவுதானுங்க."

"தண்ணியா? வயித்தால போற புள்ளைக்குத் தண்ணியா? என்னய ஏமாத்துதீகளா?"

எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்தது அதுதான்: பேதி நிற்கும்வரை தண்ணீர் காட்டக் கூடாது; காட்டினால் இன்னும் போகும். நர்ஸ், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னார். வங்காள எல்லையில் அகதிகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவராம். அங்கே பாட்டில் தீர்ந்தபோது இப்படித்தான் காப்பாற்றினார்களாம். வங்காளம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவது பக்கத்துக் கட்டிலில் கண்ணுக்குத் தெரிந்தது. அது என் பிள்ளைக்கு இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

அவர் என் கையில் டம்ளரையும் தேக்கரண்டியையும் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வேறு வழி இல்லாததால்தான் வாங்கினேன். ஒரு கரண்டி விட்டேன். விழுங்கினாள். இன்னொன்று விட்டேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து என் மடியில் வாந்தியெடுத்தாள். நான் கரண்டியைச் சுவரில் வீசினேன். நர்ஸ் போய் அதைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டு வந்து, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பொறுத்து மறுக்காக் குடுக்கலாமுங்க. மெல்ல. வாந்தில போறத விட உள்ள நிக்கறது ஜாஸ்தி."

அவர் கொடுத்தார். பிறகு நான் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஃபாக்டரியிலிருந்து வந்து அவரும் கொடுத்தார். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள், ஊட்டிக்கொண்டு இருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். நர்ஸ் மீது அப்படி ஒரு வெறுப்பு. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது பையன் போயிருந்தான். பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எதிர் லயத்துக்காரி அழவில்லை. அவனுடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, பிறகு கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் என் மகள் ஒன்றுக்குப் போனாள். என் மடி சுடச்சுட நனைந்தது. எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. நர்ஸ் வந்து பாவாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மூத்திரம் எறங்கிருச்சுங்க. பொழச்சுட்டாளுங்க அக்கா," என்றார். அவர் உதடு கோணிக்கொண்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அடுத்த கட்டிலில் எதிர் லயத்துக்காரி இருந்தாள்.

மேல் லயத்திலும் தொடங்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். நர்ஸ் குடையை எடுத்துக்கொண்டு, "அக்கா, பங்களாவுக்குப் போலாம் வாங்க" என்றார். துரை வராந்தாவில் நின்றே பேசினார். நல்ல குடும்பத்து மலையாளி. எங்களோடு எஸ்டேட் தமிழில் பேசுவார்.

"சிஸ்டர், காலரான்னு ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. கேட்டா ஆளெல்லாம் மலை இறங்கிடும்."

"நான் பேரு சொல்லலைங்க சார். ஸ்டோர்ல இருக்கற சக்கரையும் வெறகும் வேணும். லயத்துல எல்லா ஊட்டுலயும் தண்ணி கொதிக்க வைக்கோணும். பொம்பளைங்களுக்கு ஒரு நேரம் வேலை விட்டுக் குடுங்க, நான் சொல்லிக் குடுக்கோணும்."

"நீங்க எதுக்குச் சொல்லிக் கொடுக்கணும்? நீங்கதானே நர்ஸ்? நீங்களே செய்யுங்க."

"எனக்கு ரெண்டு கைதானுங்க சார்."

சர்க்கரையும் விறகும் கொடுத்தார். கூட்டம் மட்டும் கூடாது, வேலை முடிந்த பிறகு யாராவது வந்தால் வரட்டும் என்றார். நாங்கள் சரிவில் இறங்கி வரும்போது நர்ஸ் நின்று என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னா உங்க சனம் கேக்க மாட்டாங்க. தண்ணி குடுன்னு சொன்னதுக்கு நீங்களே கரண்டியை வீசுனீங்க. நீங்க சொல்லுங்க. உங்க புள்ளை உங்க இடுப்புல இருக்கறா, அதைப் பாத்தாக் கேப்பாங்க."

நான் நாலு பேர் முன்னால் பேசினவள் இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

சாயங்காலம் கொழுந்து எடை போட்ட கையோடு பெண்கள் டிஸ்பென்சரி வராந்தாவுக்கு வந்தார்கள். கூடையைக் கழற்றாமலே நின்றார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனார்கள். பாதிப் பேர் செய்யவில்லை. செய்தவர்கள் வீட்டிலும் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து மேல் லயத்தில் ஒரு கைக்குழந்தை போனது. அது நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்த வீடு. அந்தத் தாய் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். எல்லாம் கைவிட்டுப் போனது என்று தோன்றியது. இதைவிடக் கம்பவுண்டர் இருந்திருக்கலாம், ஏதாவது ஒரு சீசாவைத் திறந்து ஏதாவது ஒன்றைக் கொடுத்திருப்பார், ஜனங்களுக்கு நம்பிக்கையாவது இருந்திருக்கும் என்று லயத்தில் பேசினார்கள். நானும் அதை உள்ளுக்குள் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நர்ஸ் மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார். கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். எதிர் லயத்துக்காரியும் வந்து தூணோரம் உட்கார்ந்தாள். ஏன் வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நர்ஸ் நாற்காலியை விட்டுக் கீழே இறங்கி ஈரத் தரையில் எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்தார்.

"நான் பண்ணுன தப்பைச் சொல்லிப்போடறேன். அப்புறம் நீங்க என்ன வேணா சொல்லுங்க," என்றார். "இந்தத் தண்ணி வைத்தியம் எனக்கு முதல் நாளே தெரியுமுங்க. பாட்டில் இருந்ததுனால, நானே எல்லாத்தையும் பாத்துக்கலாம்னு நெனச்சுட்டேன். குடிக்க முடிஞ்சவங்களுக்குக்கூடப் பாட்டிலை ஏத்திப் போட்டேன். அன்னிக்கே உங்க எல்லார்த்துக்கும் சொல்லிக் குடுத்திருந்தா, இந்த அக்கா பையனுக்கு ஊட்டுலயே காலைல ஆரம்பிச்சிருக்கலாம். பாட்டிலும் மிச்சம் இருந்திருக்கும்." அவர் தூணோரம் திரும்பிக் கைகூப்பினார். "என்னாலதானுங்க."

எதிர் லயத்துக்காரி எழுந்து போய்விடுவாள், அல்லது அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன் தண்ணி கேட்டான். காலையிலருந்து கேட்டான். எங்க அத்தை குடுக்காதன்னு சொன்னாக. நான் குடுக்கல. அண்டாவுல தண்ணி இருந்துச்சு. அவனுக்கு எட்டாம மூடி வச்சேன்" என்றாள்.

பக்கத்திலிருந்தவள் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு பின்னால் இருந்த ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "நான் குடுத்தேன். ஆனா வாந்தியெடுத்ததும் பயந்து நிப்பாட்டிட்டேன்."

இன்னொருத்தி உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள், நிறையப் போட்டால் சீக்கிரம் கேட்கும் என்று. இன்னொருத்திக்கு நர்ஸ் சொன்ன சக்கரை எது என்றே புரியவில்லை. எங்கள் பேச்சில் சக்கரை என்றால் வெல்லம். அவர் சொன்னது சீனி. வெல்லத்தைத் தட்டிப் போட்டாளாம். "அதுவும் நல்லதுதானுங்க, கொதிக்க வைச்சு வடிகட்டிப்போட்டாப் போதும்" என்றார் நர்ஸ். அப்போது வயதான ஒருத்தி, சீனியும் வெல்லமும் தீர்ந்துபோய்த் தன் புருஷனுக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி கொடுத்ததாகவும், அது அவருக்கு வயிற்றில் தங்கியதாகவும் சொன்னாள். வைவார்களோ என்று பயந்து இதுவரை சொல்லவில்லையாம். நர்ஸ் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எப்படிங்க காய்ச்சுனீங்க? எத்தனை தண்ணியா? எனக்குச் சொல்லுங்க, எனக்கு அது தெரியாது."

அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் கேட்டோம். அதற்குப் பிறகு யாரும் வாயை மூடவில்லை. இருட்டுவதற்குள் யார் எந்த லயத்துக்குப் போவது, யார் யாரோடு போவது என்று அவர்களே பேசி முடித்தார்கள். எதிர் லயத்துக்காரி, "நானும் வாரேன்" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அதன் பிறகும் சாவு நின்றுவிடவில்லை. அதை மறைக்க எனக்கு மனமில்லை. வயதானவர்கள் போனார்கள். அந்தக் கர்ப்பிணி பிழைத்தாள், வயிற்றில் இருந்தது தங்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தின வீடுகள் திறந்தன. எதிர் லயத்துக்காரி போய் வாசலில் உட்கார்ந்தால் எந்த மாமியாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் அதிகம் பேச மாட்டாள். "எம் பையனுக்கு நான் தண்ணி குடுக்கல. செத்துட்டான். நீங்க குடுங்க." அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்று கலக்கிக் காட்டுவேன். தினமும் சாயங்காலம் ஈர வராந்தாவில் உட்கார்ந்து, அன்று எங்கே என்ன தப்பானது என்று ஒவ்வொருவரும் சொன்னோம். முதலில் எப்போதும் நர்ஸ்தான் தன்னுடையதைச் சொல்வார். சொல்ல ஒன்றும் இல்லாத நாளிலும் யோசித்து ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லுவார்.

ஒரு காலையில் அவரே டிஸ்பென்சரிப் படியில் விழுந்து கிடந்தார். வாளியைக் கழுவப் போனவர் எழுந்திருக்கவில்லை. தூக்கி உள்ளே போட்டோம். துணியிலேயே பேதி போயிருந்தது. எதிர் லயத்துக்காரி சொம்பை எடுத்தாள். நாங்கள் கொடுக்கக் கொடுக்க வாந்தியெடுத்தார். "என்னைய விடுங்க, மேல் லயத்துக்குப் போங்க" என்று முனகினார்.

"வாயை மூடிட்டுக் குடிங்க சிஸ்டர்," என்றாள் எதிர் லயத்துக்காரி.

அவர் படுத்திருந்த நாட்களில் டிஸ்பென்சரியை நாங்கள்தான் நடத்தினோம். அலமாரியைத் திறந்து எது எதற்கு என்று பார்த்துக் கொடுத்தேன்; எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்போதுதான் சாயங்கால வராந்தாவில், கீழ் லயத்துக்காரர்கள் எல்லோரும் குடிக்கிற ஓடையைப் பற்றிப் பேச்சு வந்தது. மேலே இருக்கிற கக்கூஸ் குழி மழையில் நிரம்பி வழிந்து அதில் இறங்குவதை ஒருத்தி பார்த்திருக்கிறாள். மறுநாள் என் வீட்டுக்காரரும் இன்னும் சில ஆண்களும் ஃபாக்டரிக்கு மேலிருந்து மூங்கிலைப் பிளந்து வேறு தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. நர்ஸ் எழுந்து உட்கார்ந்ததும் இதைச் சொன்னோம். "எனக்கு அது தோணவே இல்லைங்களே," என்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் மாறிய பிறகு புதிதாக விழுபவர்கள் குறைந்தார்கள். மழை விட்டுப் பாதை சீரானபோது அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். ஊசி போட்டார்கள். ஓடையைப் பார்த்துவிட்டு, கக்கூஸ் குழியை யார் அங்கே தோண்டச் சொன்னது என்று துரையைக் கேட்டார்கள். நர்ஸ் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னார். துரை முகம் இறுகியதை அன்றைக்கே பார்த்தேன்.

ஓணம் முடிந்த கையோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆபீசில் சொன்ன காரணம், பெண்களைத் தினமும் கூட்டி வைத்து யூனியனுக்கு ஆள் சேர்த்தார் என்பது. நாங்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் நேரத்தில் ஆபீஸ் முன்னால் போய் நின்றோம். கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றோம். துரை வெளியே வரவில்லை. நின்றால் கூலி இல்லை. பஞ்ச மாதம் தின்று தீர்த்த வீடுகள். அரை நாளுக்குமேல் எங்களால் நிற்க முடியவில்லை. ஒருத்தி ஒருத்தியாகக் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

தேயிலை லாரியில் அவர் ஏலப்பாறைக்குப் போனார். அங்கிருந்து குமுளி, கம்பம் வழியாக ஊருக்கு. நான் கூடவே லாரிவரை நடந்தேன். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஊட்டுக்குப் போயி காட்டுல கடலை புடுங்குவேன். வேற என்னங்க," என்று சிரிக்கப் பார்த்தார். "அக்கா, சாயங்காலம் உக்கார்றதை விட்டுப்போடாதீங்க. எங்கியாச்சும் ஒரு திண்டுல உக்காருங்க. தப்பை மொதல்ல நீங்க சொல்லுங்க. அப்பத்தான் மத்தவங்களுக்கு வாய் வரும்."

அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததில்லை. எழுதிக் கேட்கலாம் என்றால் விலாசம் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. வடகரப்பதிப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

அவருக்குப் பதிலாகப் புது கம்பவுண்டர் வந்தார். முதல் வாரத்திலேயே அலமாரிக்குப் பூட்டு வந்தது. நான் கிட்டே போனால், "தரையைத் துடைச்சாப் போதும்" என்பார். துடைத்தேன். டிஸ்பென்சரி வராந்தாவில் உட்காரக்கூடாது என்றானதால், கொழுந்து எடை போடுகிற கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். சில நாள் நானும் எதிர் லயத்துக்காரியும் மட்டும்தான். பேச ஒன்றும் இருக்காது. இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போவோம். நர்ஸ் சொன்னதெல்லாம் ஒரு மழையோடு கரைந்துபோயிற்று என்றுதான் அந்த நாட்களில் நினைத்தேன்.

அடுத்த வருஷ மழையில், மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் வாந்திபேதி என்று செய்தி வந்தது. அங்கே எங்கள் லயத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக் கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் லயத்துக்காரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முடிச்சில் வெல்லமும் உப்பும் இருந்தன. அவளுக்குப் பின்னால் கொட்டகைக்கு வராமல் நின்றுபோன பெண்கள் சிலர், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மழையில் நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

"உம் மகளைத் தூக்கிட்டு வரலாமா?" என்று கேட்டாள். "அவளைப் பாத்தா நம்புவாக."

என் மகள் வாசலில் வந்து நின்றாள். எதிர் லயத்துக்காரி அவளையே பார்த்தாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் எடுத்தேன். பையனை இழந்தவள் முன்னால் கூப்பிட மனம் வரவில்லை. எதிர் லயத்துக்காரியே குனிந்து என் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சாக்கை இழுத்து மூடி, சரிவில் ஏறத் தொடங்கினாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.